கியூபா பழனியின் முதல் தங்கம்

மைசூர் மண்டி மொஹல்லாவில் என் பஞ்சர் கடைக்கு மேல்மாடியில்தான் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம். கூரை அதிர்கிறதென்று ஒருநாள் சண்டை போடப் படியேறியவன், அங்கேயே ஒட்டிக்கொண்டேன். போட்டி நாட்களில் வீரர்களின் கையில் துணிப்பட்டை சுற்றுவதும், ரவுண்டுக்கு நடுவே தண்ணீர் கொடுப்பதும் என் பொறுப்பு. என் வாய் கொஞ்சம் மோசம். திட்டிக்கொண்டேதான் சுற்றுவேன்.

பழனி ஹனூர்க்காரன். அப்பா நஞ்சுண்டசாமி டிராக்டர் ஓட்டியவர். கோச் போனில் காட்டிய கியூபா வீரர்களைப் பார்த்துப் பார்த்து, கையைத் தாழ்த்திக்கொண்டு பின்னால் நகர்ந்தபடியே அடிக்கப் பழகினான். கியூபா பழனி என்றே பேர் விழுந்துவிட்டது. முகம் வீங்கினாலும் சிரிக்கிற பயல்.

அந்த வருஷம் மாநில இறுதிப் போட்டி மைசூரிலேயே நடந்தது. தங்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. மதியம் இரண்டு மணிக்கு அவன் மேடை ஏற வேண்டும். போட்டி நாளில் எல்லோருடைய போனும் என்னிடம்தான் இருக்கும். காலை எட்டு மணிக்கு அவன் போன் அடித்தது. அம்மா பூவாத்தாள். நஞ்சுண்டசாமி விடியற்காலை நெஞ்சுவலியில் போய்விட்டாராம்.

"பையனுக்குச் சொல்லீராதீங்க. அவன் கெலிச்சு உத்தியோகத்துக்குப் போகோணும்னுதான் அவுங்கப்பன் கடைசியாப் பேசுனது."

மூத்த மகன், கொள்ளி வைக்க வேண்டியவன். உடனே பஸ் ஏற்றிவிட்டால் கொள்ளேகால் வழியாக மதியத்துக்குள் ஊர் சேர்ந்துவிடுவான். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபம் வந்தது. சரியென்று சொன்ன என்மேல் அதைவிடக் கோபம்.

ஒரு மணிக்குப் பழனி கையை நீட்டினான். அவன் முகத்தைப் பார்க்காமல் சுற்றி முடித்தேன். ஐந்து நடுவர்களும் அவன் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். மேடையில் அவன் கையைத் தூக்கிக் காட்டியபோதும் அவன் சிரிக்கவில்லை. வெளியே அழைத்து வந்து விஷயத்தைச் சொன்னேன். சரி என்று சட்டையை மாட்டிக்கொண்டான்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, தம்பி மதன் மொட்டைத் தலையோடு நின்றான். பழனி அழவில்லை. இலையில் போட்டதைச் சாப்பிட்டான்.

வேலை கிடைத்தது. இன்றும் ஒரு அலுவலகத்தில் மேசைக்கு மேசை கோப்பு எடுத்துப் போகிறான். அதன் பிறகு ஆறு முறை மாநில சாம்பியன். தேசியப் போட்டியில் ஒரு வெள்ளி. காசுக்கு ஆடும் தொழில்முறைச் சண்டைக்குப் பெங்களூரிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே முகம். அந்த முகத்துக்கு நான்தான் காரணம் என்று எத்தனையோ வருஷம் உள்ளுக்குள் புழுங்கினேன்.

போன மாதம் அவனுடைய கடைசிப் போட்டி. இடது கையைச் சுற்றும்போது என்னால் அடக்க முடியவில்லை. அன்றைக்கு உன்னை ஏமாற்றிவிட்டேன், உன் அப்பா முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுமுங்கண்ணா" என்றான். "எப்பவும் திட்டிட்டேதானுங்க சுத்துவீங்க. அன்னிக்கு ஒரு வார்த்தை திட்டலீங்க. ஊட்ல ஆரோ போயிட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்டா என்னைக் கேக்கல?"

"கேட்டா சொல்லீருப்பீங்க."

வலது கையை நீட்டினான்.