தண்ணீரை நிறுத்தச் சொன்ன டீச்சர்

பத்மாவதி டீச்சர் போய்விட்ட செய்தியைப் பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தான். எங்கள் இருவரிடமும் படித்தவன். கே.ஜி.கண்டிகை டீக்கடையில் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, "நம்ம டீச்சர் தூக்கத்துலயே போயிட்டாங்க சார்" என்றான். டீயை அப்படியே வைத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன். மாதம் ஒன்று ஆகிறது.

திருத்தணி பள்ளிக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய கறார் தெரியும். நான் தமிழ், அவர் அறிவியல்; ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் நாற்காலி. ஆனால் என் தோப்பில் நடந்த கூத்து உங்களில் பலருக்குத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் மாமரக் கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேர்களைத் தொங்கவிட்டபடி ஒரு செடி. புல்லுருவிதான் என்று கொடுவாளை எடுத்துவிட்டேன். மாவடு வாங்க வந்திருந்த டீச்சர் ஓடிவந்தார். "என்ன சார் பண்ணிகினு இருக்கீங்க? அது ஆர்க்கிட். உங்க மரத்துல ஒரு சொட்டு உறிஞ்சாது. சும்மா ஒக்காந்துகினு இருக்குது." விவசாயி வீட்டுப் பிள்ளைக்கே பாடமா என்று எனக்கு ரோஷம். ஆனாலும் வெட்டவில்லை. அடுத்த மாதமே பூத்தது. பழுப்புக் கட்டம் போட்ட இதழ், நடுவில் ஊதா, அப்படியொரு வாசனை. டீச்சர் அரைமணி நேரம் அதன் கீழேயே நின்றார்.

அந்த வருஷமே அவருக்குப் பள்ளிப்பட்டுக்கு மாற்றல் வந்தது. அந்தச் செடியையே கொடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். கிளையிலிருந்து பெயர்த்து, தொட்டியில் செம்மண்ணும் மக்கிய சாணியும் போட்டு நட்டு, காலை மாலை தண்ணீர் ஊற்றினேன். கத்தரி நாற்றுக்குக்கூட அவ்வளவு உபசாரம் செய்ததில்லை. அடி இலை மஞ்சளாகிக் கழன்றது. வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினேன். டீச்சர் செடியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "ஆங், ஜோரா இருக்குது" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

ஆடிக் கிருத்திகை லீவு. ஊரே காவடியோடு மலையில் இருக்க, டீச்சர் தோப்பில் வந்து நின்றார். தொட்டியைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பிளேடு இருக்குதா சார்?" என்றார், அவ்வளவுதான். செடியைக் கவிழ்த்து மண்ணை உதறினார். வேரைத் தொட்டால் கொழகொழவென்று தோல் கழன்று வந்தது. பிளேடை நெருப்பில் காட்டி, அழுகியதையெல்லாம் வெட்டினார். மிஞ்சியது மூன்றே வேர். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. வெட்டிய இடத்தில் என் மனைவி இடித்துத் தந்த லவங்கப்பட்டைத் தூளை அப்பினார். இலை இடுக்கில் அடைந்திருந்த மாவுப்பூச்சியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தார். பிறகு தேங்காய் மட்டையில் தறிநூலால் கட்டி, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் தொங்கவிட்டார்.

"வேருக்குக் காத்து வேணும் சார். மூச்சு முட்ட வச்சிட்டீங்க. மூணு நாள் தண்ணியே காட்டாதீங்க. அப்புறம் வேர் வெளுத்திருந்தா ஊத்துங்க. பச்சையா இருந்தா கையக் கட்டிகினு நில்லுங்க."

நின்றேன். தண்ணீர் பாய்ச்சியே பழகிய கைக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தை மாதம் புதுசாக ஒரு வேர் நுனி எட்டிப் பார்த்தது. அதற்குள் டீச்சர் பள்ளிப்பட்டு போய்விட்டிருந்தார்; அன்றே பஸ் ஏறிப்போய் அவரிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு வெட்டிப்போட்ட மரங்களிலிருந்தெல்லாம் அவர் பொறுக்கிவந்து பிழைக்கவைத்ததில், வீட்டுக் கொல்லையில் இருபது செடி சேர்ந்தது.

போன மாதம் தகனம் முடிந்து சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் கொல்லைப் பக்கம் போனேன். டீச்சரின் தம்பி, தறி நெய்கிறவர், வாளியோடு நின்று ஒவ்வொரு செடிக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தபடி இருந்தது. "அக்கா இல்லாம இதுங்க காஞ்சிடப் போவுது சார். காலைலேருந்து மூணாவது தபா ஊத்தறேன்." இலை இடுக்கெல்லாம் தண்ணீர் தேங்கி நின்றது. இரண்டு நாள் விட்டால் குருத்து அழுகிவிடும். எனக்கும் அழுகை வந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

"வேரைப் பாருங்க, பச்சையா இருக்குது. போதும்ங்க."

துண்டு நுனியால் ஓர் இடுக்கை ஒற்றி எடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, தன் துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனார். இருபதையும் துடைத்து முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்போது பள்ளிப்பட்டு போய்வருகிறேன். ஒவ்வொரு வேராகப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் திரும்பி வருகிறேன். டீச்சர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான்.