கைராசிக்காரன் மலேசியா போன கதை

முத்தையாபுரம் லிங்கராஜுக்குக் கைராசி உண்டு என்று கண்டுபிடித்தவர் அவனுடைய முதலாளி காசிலிங்கம். ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஏஜென்சி அவருடையது, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில். புது வாடிக்கையாளரின் முதல் சரக்கு என்றால், நல்ல நேரம் பார்த்து லிங்கராஜ்தான் கம்ப்யூட்டரில் கடைசிப் பொத்தானை அமுக்க வேண்டும். வேறு யார் விரல் பட்டாலும் சரக்கு துறைமுகத்திலேயே கிடந்து நாறும் என்பது அவர் சித்தாந்தம். கைராசிக்காரனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது உலக வழக்கம். காசிலிங்கம் கெட்டிக்காரர், கொண்டாட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். பின்னால் வந்தவனெல்லாம் மேனேஜர் ஆனான், இவன் கைராசிக்காரனாகவே இருந்தான்.

அதில் வருத்தமா என்றால், அதுதான் இல்லை. ஒரே பெருமை! மனைவி முருகேஸ்வரி ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் துடித்தபோது இவன் ஆபீசில் பொத்தான் அமுக்கிக்கொண்டிருந்தான். மச்சினன் தாலி கட்டும்போதும் அதே வேலைதான். திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்க்க அவள் கூப்பிட்டபோதெல்லாம் சூரன் தவறாமல் வந்தான், இவன் வரவில்லை.

ஒரு தடவையாவது புருஷனைப் பக்கத்தில் நிறுத்தி முருகனைக் கும்பிட வேண்டும். முருகேஸ்வரிக்கு ஆசை அவ்வளவுதான். திருச்செந்தூர் சரிப்படாது என்று தெரிந்ததும் மலேசியாவில் இருக்கிற பத்துமலைக்கு டிக்கெட் போட வைத்தாள்.

"கடலைத் தாண்டிட்டா அண்ணாச்சி என்ன செய்வாரு?" என்று கேட்டாள்.

காசிலிங்கம் அண்ணாச்சி என்ன செய்தார் என்றால், ஆபீஸ் கம்ப்யூட்டரை இவன் போனிலேயே திறக்க வழி பண்ணிக் கொடுத்தார். அதை ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான் லிங்கராஜ்.

பத்துமலை அடிவாரத்தில் இறங்கியதும் போனை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போனான். போன் அலறியது. எடுத்தால், அண்ணாச்சி.

"ஏலே லிங்கராஜ், ஜெர்மனிக்காரனுக்கு நிலவாகை இலை. முதல் சரக்குலே! நல்ல நேரம் முடியப் போவுது, அமுக்குலே!"

பேதிக்குக் கொடுக்கிற இலை. அதற்கும் கைராசி வேண்டுமாம்! ஆள் இல்லை என்று சொன்னால், மலை உச்சியில் சாமி முன்னால் நிற்கும்போது திரும்பக் கூப்பிடுவார். போனில் எப்படி அமுக்குவது என்று அவன் வீட்டில் நூறு தடவை பீற்றிக் காட்டியதைப் பார்த்தவள்தானே. வாயைத் திறக்காமல் திரையைத் திறந்தாள், இடது கைச் சுண்டுவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினாள். "ஆச்சு, ஆச்சு!" என்று அந்தப் பக்கம் அண்ணாச்சி குதித்தார்.

அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் படியேறினார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளோடு சேர்ந்து ஏறிய முதல் கோயில் படி அது. பாதி ஏறும்போது போன் திரும்பவும் அடித்தது.

"உன் கை கைதாம்லே! ஒரு கேள்வி கேக்காம பாஸ் ஆயிட்டு" என்றார் காசிலிங்கம்.

லிங்கராஜ் போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான். "ஏளா, நான் எங்க அமுக்குனேன்?"

முருகேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாந்தான் அமுக்குனேன். இடது கைச் சுண்டுவிரலால. யாரு அமுக்குனாலும் சரக்கு போவத்தான் செய்யும். உங்களைப் பிடிச்ச சனியன் விட்டுதுன்னு நினைச்சுக்கோங்க. வாங்க, நடை சாத்திருவாவ."

அவன் சந்தோஷப்படுவான் என்றுதான் நினைத்தாள் பாவி. அவன் முகம் செத்துப்போனது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏளா, அண்ணாச்சிட்ட சொல்லிராத. தெரிஞ்சா அடுத்த சரக்குக்கு என்னைக் கூப்பிடவே மாட்டாரு."

இவ்வளவு காலமும் காசிலிங்கத்தைத் திட்டியதெல்லாம் வீண் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, வேற ஏதும் சரக்கு இருந்தா சொல்லுங்க, அமுக்கிருவோம். நான் இங்கன சும்மாதான் இருக்கேன்."

முருகேஸ்வரி தனியாகப் படியேறினாள். நடை திறந்துதான் இருந்தது.