ஃபிஞ்சுக்குப் போன குரக்கன் மா

காலை 7.48. அஜக்ஸ் புறநகர் நிலையத்தில் ரயில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, எதிர் இருக்கையில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஒரு குழந்தை. என் மடியில் ஒரு கிலோ குரக்கன் மா, அதாவது கேழ்வரகு மா. யாழ்ப்பாணத்தில் அம்மா வறுத்து, அரித்து, இரட்டைப் பையில் கட்டித் தந்தது. கூடவே ஒரு வெள்ளிக் கிண்ணம். "தாய்மாமன் கையாலைதான் முதல் சோறு தீத்த வேணும். நான் போனிலை பாப்பன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். தங்கை தர்சினியின் எட்டு மாத மகன் ஆரனுக்கு இன்று முதல் சோறு.

தர்சினி எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை. குரக்கன் கூழை ஆறவைத்து, சுண்டுவிரலால் அவளுக்குத் தீத்தியவன் நான். பாதி உள்ளே போகும், பாதி என் சட்டையில் இருக்கும். ரயில் ஆடும்போதெல்லாம் பையிலிருந்து அதே வறுத்த மணம் வந்தது.

நகர மையத்தில், யூனியன் நிலையத்தில் சுரங்க ரயிலுக்கு மாறி, வடக்கே கடைசி நிலையமான ஃபிஞ்சில் வெளியே வர 9.20. தர்சினி காத்திருந்தாள். தெருவில் பாதிப் பலகைகள் கொரிய மொழியில். அவளுடைய கணவர் ஜுனும் கொரியர். ஒரு கடையில் இளம்பூசணிக்காய் வாங்கினாள். ஒவ்வொரு காயும் இறுக்கமான பிளாஸ்டிக் உறைக்குள், விலை 2.49 டொலர். கடை வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அண்ணா, ஆரன் சாப்பிடத் தொடங்கி ரெண்டு மாசம். அம்மாவுக்குச் சொல்லேல்லை."

"ஏன்?"

"டொக்டர் இரும்புச்சத்து குறைவெண்டவர். கொரியாவிலை ஆறாம் மாசத்திலையிருந்து பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் மாட்டிறைச்சி குடுப்பினமாம். ஜுன் அதைத்தான் குடுக்கிறார். பிள்ளைக்கும் பிடிச்சிட்டுது. அம்மா அறிஞ்சா என்னோடை கதைக்க மாட்டா. சொல்லிப்போடாதேங்கோ."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூட உடைப்பதில்லை.

வீட்டுக்குப் போனோம். ஜுன் குழந்தைக்காக விடுமுறையில் வீட்டில் இருக்கிறார். சமையல் மேசையில் ஒரு தராசு. உறைபெட்டியில் மூடியுள்ள தட்டுகள். சதுரம் சதுரமாக அரைத்த இறைச்சி, கீரை, பூசணி. ஒவ்வொன்றும் பதினைந்து கிராம், மேலே தேதி. கஞ்சிக்கு, முதலில் அரிசிக்குப் பத்து மடங்கு தண்ணீர் விட்டாராம். இப்போது ஐந்து மடங்கு. ஒரு வயதில் குழைந்த சோறு.

கூழில் இனிப்புக்குப் போட, கொண்டுவந்த பனங்கட்டியை எடுத்தேன். ஜுன் என் கையைப் பிடித்து, தர்சினியிடம் பழகிய தமிழில் சொன்னார்.

"அண்ணை, சீனி வேண்டாம். ஒரு வயசு வரை உப்பும் வேண்டாம்."

"பிள்ளை என்ன குற்றம் செய்தவன்?"

"நானும் இப்பிடித்தான் வளந்தனான்" என்றார்.

"அதுதான் இப்பவும் அவருக்கு என்ரை கறி உறைக்குது" என்றாள் தர்சினி.

வெறும் கூழ் காய்ச்சினேன். 10.15க்கு, யாழ்ப்பாணத்தில் இரவு 7.45க்கு, அம்மா போனில் வந்தார். வெள்ளிக் கிண்ணத்திலிருந்து சுண்டுவிரலால் எடுத்து ஆரன் வாயில் வைத்தேன். உதட்டைக் குவித்துத் துப்பினான். அந்த வயதில் அவன் தாயும் அப்படியேதான் துப்புவாள். மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் என் சட்டையில்.

"பசியோடை விடாதை. வேறை ஏதும் குடு" என்றார் அம்மா.

ஜுன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தான் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியை வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, தராசில் வைத்து நூறு கிராம் பார்த்து, என்னிடம் நீட்டினார். அதில் நான் வாழ்நாளில் தொடாத மாட்டிறைச்சி. கரண்டியால் அள்ளித் தீத்தினேன். ஆரன் வாயை மூடவே இல்லை.

"உதென்னடா, உப்பிடிச் சாப்பிடுறான்?"

"சோறு, அம்மா" என்றேன்.

"சோறெண்டால் ஏன் உந்த நிறம்?"

தர்சினி போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மாட்டிறைச்சிக் கஞ்சி, அம்மா. ரெண்டு மாசமாக் குடுக்கிறம். அவனுக்கு இரும்புச்சத்து காணாது."

பிறகு போனை மீண்டும் ஆரன் பக்கம் திருப்பினாள். அம்மா திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். நான் தொடர்ந்து தீத்தினேன்.

"நாடியிலை ஒட்டிக் கிடக்கு," என்றார் அம்மா. "துடைச்சு விடு."

தர்சினி ஆரனின் தாடையைத் துடைத்தாள். ஜுன் கிண்ணத்தைத் தராசில் வைத்தார். மிச்சம் நான்கு கிராம்.