தாலாட்டின் இனிஷியல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்களோ என்பது ஒரு தயக்கம். எங்கள் அத்தை இருந்தவரை, "என் கதைய ஊர்ல போட்டுடாதடி" என்று சிலேட்டில் எழுதிக் காட்டி மிரட்டிக்கொண்டே இருந்தார் என்பது இன்னொரு தயக்கம். அத்தை இப்போது ஆண்டவரிடம் போய்விட்டார். போன கிறிஸ்துமஸில் நடந்த ஒரு காரியத்தைப் பார்த்த பிறகு, இனியும் எழுதாமல் இருப்பது சரியல்ல என்று மனசுக்குப் பட்டது.

சூடேறிய தூசிக்கு ஒரு வாசனை உண்டு. பெட்டி மாதிரி இருந்த அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைப் போட்டால், முதலில் அந்த வாசனைதான் வரும், அதற்குப் பிறகுதான் படம் வரும். சந்தவாசலில் எங்கள் வீட்டு முன்னறையில், மலையிலிருந்து இறங்கி வந்த சாமை மூட்டைக்குப் பக்கத்தில், அம்மாவின் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். கோயில் கம்ப்யூட்டர் அது. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பும் பாட்டுத் தாளும் அடித்துக் கொடுப்பதற்காக, பங்குச் சாமியார் அதை அம்மாவிடம் ஒப்படைத்திருந்தார். அம்மா அதைத் தொடும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். அப்பா கேலி செய்வார், "இன்னா லூர்து, அதுக்கும் பூசை வெக்கிறியா?"

அத்தை அப்பாவுக்கு அக்கா. பேர் ஆரோக்கியமேரி. எங்களோடுதான் இருந்தார். எங்கள் கோயிலில் குடிலுக்கு முன்னால் குழந்தை இயேசுவுக்குத் தாலாட்டுப் பாடுவது அவர்தான். அந்தப் பாட்டு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. சவ்வாது மலைக் குளிர்காற்று பிள்ளைக்கு ஆகாது, சாமை வைக்கோலை இன்னும் கொஞ்சம் போடு என்று சூசையப்பரிடம் மாதா சொல்வதாக அவரே கட்டிய பாட்டு. அத்தை ஆரம்பித்தால் பீடச் சிறுவர்கள்கூடக் கிள்ளி விளையாடுவதை நிறுத்திவிடுவார்கள்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் அத்தைக்குத் தொண்டையில் கட்டி என்று வேலூருக்குக் கூட்டிப்போனார்கள். உயிர் பிழைத்ததே ஆண்டவர் கிருபை. ஆனால் குரல் போய்விட்டது. உதடு அசையும், சத்தம் வராது. என் பழைய சிலேட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கூப்பிட வேண்டுமானால் கை தட்டுவார். திட்ட வேண்டுமானால் பலப்பம் உடைகிற மாதிரி எழுதுவார். அவர் பேசுவதும் எழுதுவதும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால், திட்டு வாங்குவதில் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

முந்தின கிறிஸ்துமஸுக்கு ஒத்திகை பார்க்கும்போது அப்பாவின் செல்போனில் அத்தை பாடியதைப் பிடித்து வைத்திருந்தோம். அத்தையின் குரலென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அந்தப் போன் மாட்டுத் தொட்டியில் விழுந்தது. உள்ளே இருந்த சின்ன கார்டை எடுத்துப் பக்கத்து வீட்டுப் போனில் போட்டால், "ஃபார்மேட் பண்ணவா" என்று கேட்டது. அப்பா பாம்பைத் தொட்டவர் மாதிரி பிடுங்கிக்கொண்டு வந்தார். அம்மா எப்படியோ அதைக் கோயில் கம்ப்யூட்டரில் ஏற்றி, "தாலாட்டு" என்று பேர் வைத்தார். மறுநாள் கார்டும் செத்துவிட்டது. பாட்டு இப்போது கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது, பாட்டோ திறக்கவில்லை. எதைக் கொண்டு திறப்பது என்று கம்ப்யூட்டர் எங்களையே கேட்டது.

அப்போதுதான் அம்மா ஒன்றைக் கவனித்தார். மற்ற ஃபைல்களுக்கெல்லாம் வெறும் பேர்தான். இதற்கு மட்டும் பேருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, ஏ.எம்.ஆர். என்று மூன்று எழுத்து.

"இதுக்கு மட்டும் இனிஷியல் கீது பாருங்க அண்ணி," என்றார் அத்தையிடம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பேர் "இனிஷியல்". மனுஷருக்கு முன்னால் வருகிறது, கம்ப்யூட்டருக்குப் பின்னால் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று முடிவு செய்தோம்.

கோயில் பாட்டு சி.டி.யின் உறையில் எம்.பி.3 என்று போட்டிருந்தது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அப்பா இனிஷியல் போய்ப் புருஷன் இனிஷியல் வந்துவிடும். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் பெண். அதையேதான் அம்மா செய்தார். ஏ.எம்.ஆரை அழித்துவிட்டு எம்.பி.3 என்று அடித்தார். இப்படி மாற்றினால் ஃபைல் உபயோகப்படாமல் போகலாம் என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு "சரி" என்பதை அமுக்கினார். உடனே அந்த ஃபைலுக்கு மற்ற பாட்டுகளைப் போலவே இசைக்குறி போட்ட படம் வந்துவிட்டது! இனிஷியலும் மறைந்துவிட்டது. நாங்கள் கை தட்டினோம். திறந்தால், பாட முடியாது என்று ஒரே வரியில் பதில்.

அத்தை சிலேட்டை எடுத்தார். "தாலி கட்டாம இனிஷியல மாத்துனா குடும்பம் நடத்துமா?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவால் சிரிக்க முடியவில்லை. பழைய ஏ.எம்.ஆரைத் திரும்ப அடித்துப் பார்த்தார். பேர் பழையபடி தெரிந்தது, இசைக்குறிப் படம் மட்டும் போகவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. "அண்ணி, நானே அத சாவடிச்சிட்டனா?" என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டபோது, அத்தை சிலேட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் அத்தைக்கும் பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அம்மா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் அவர். ஆனால் நேர்ந்துகொண்டுவிட்டுச் சும்மா உட்காரவில்லை. அடுப்பு வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் இருக்கிற ஒவ்வொரு கதவாகத் திறந்து, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே போனார். அப்படித்தான் ஒரு சாயங்காலம் அந்த ‘டிக்’ அவர் கண்ணில் பட்டது. தெரிந்த வகை ஃபைலானால் இனிஷியலை மறைத்துவிடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிற டிக். அதை எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கண்ட காட்சியை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிட்டதும் பிள்ளைகள் எழுந்து நிற்கிற மாதிரி, அத்தனை ஃபைலும் இனிஷியலோடு நின்றன. அறிவிப்பு ஒன்று, போட்டோ ஒன்று, பாட்டு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு இருந்தது. அவற்றின் நடுவில் எங்கள் தாலாட்டு, ஏ.எம்.ஆருக்குப் பின்னால் எம்.பி.3 என்று இரண்டு இனிஷியலைச் சுமந்துகொண்டு திருதிருவென்று முழித்தது. தெரிந்த வீட்டுப் பிள்ளைகளை நாம் இனிஷியல் கேட்பதில்லை அல்லவா? அப்படித்தான் கம்ப்யூட்டரும் தனக்குத் தெரிந்தவற்றுக்கு மறைத்திருக்கிறது. எங்கள் தாலாட்டு அதற்கு அன்னியம், அதனால்தான் முதலில் அதற்கு மட்டும் காட்டியது. நாங்கள் எம்.பி.3 என்று எழுதியதும் தெரிந்த பிள்ளை என்று நம்பி மறைத்துவிட்டது. மேலே எதை எழுதினாலும் உள்ளே இருந்தது மாறவில்லை.

அம்மா எம்.பி.3யை அழித்துப் பழைய பேரை மட்டும் விட்டார். "இத மாத்தறதுக்கில்ல. இதத் தொறக்கறவன் எங்கயோ கீறான், அவனத்தான் இட்டாரணும்," என்றார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கண்ணமங்கலம் பஸ் ஏறினார். அங்கே நெட் சென்டரில் ஏ.எம்.ஆர். என்று அடித்து, எந்த பிளேயர் அதைத் திறக்கும் என்று தேடிப் பார்த்து, அந்த பிளேயரைப் பென்டிரைவில் வாங்கி வந்தார். பஸ்ஸில் பென்டிரைவை ஜெபமாலையோடு சேர்த்து உள்ளங்கையில் பிடித்திருந்தார்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். அத்தை கம்ப்யூட்டரைப் பார்க்காமல் முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அமுக்கினார். கரகரவென்று கொஞ்ச நேரம். பிறகு:

"ஏய் புஷ்பா, கதவ சாத்துடி, நாயி உள்ள வருது பாரு! இன்னாத்த பாத்துக்கினு நிக்கற? சாத்துடின்னா!"

நான் எழுந்து ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டேன்.

சாத்தின பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சத்தமே இல்லாமல், உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது, மாதா சூசையப்பரிடம் வைக்கோல் கேட்கிறாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் அத்தை எழுதினார்: "மறுபடி போடு. பாட்ட இல்ல, நாய."

கோயிலில் போடுவதற்கு முன்னால் பாடகர் குழுத் தலைவர் அந்த முன்பகுதியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அத்தை எழுதிக் காட்டியது இரண்டே வார்த்தை: "நாய் இருக்கட்டும்." ஆக அந்தக் கிறிஸ்துமஸ் இரவு குடிலுக்கு முன்னால் முதலில் நாய் வந்தது, கோயில் முழுக்கச் சிரித்தது, கடைசி வரிசையில் யாரோ நிஜமாகவே கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகுதான் பிள்ளை தூங்கினார்.

இப்போது நான் கலசப்பாக்கத்தில் குடும்பம் நடத்துகிறேன். என் பிள்ளைகளின் போனில் எதைத் தொட்டாலும் திறந்துகொள்கிறது. எது எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. எதில் திறப்பது என்று திகைத்து நிற்கிற வேலையும் இல்லை. அந்தப் பெட்டிக் கம்ப்யூட்டர் இல்லை, சூடான தூசி வாசனை இல்லை, சிலேட்டு இல்லை, அத்தையும் இல்லை. அம்மா மட்டும் எந்தப் புதுக் கம்ப்யூட்டரைக் கண்டாலும் முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்துவிடுகிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் அத்தையின் தாலாட்டு வந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் எம்.பி.3 ஆக மாற்றி, கரகரப்பை நீக்கி, சுத்தமாக்கியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நேராகப் பாட்டில் ஆரம்பித்தது. நான் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், என்னைக் கூப்பிட ஆளில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். பழைய ஏ.எம்.ஆர். என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். இந்தக் கதையைப் பிறருக்குச் சொல்கிறவர்களும் அனுப்புகிறவர்களும், ஆண்டவர் பேரால் கேட்டுக்கொள்கிறேன், இதைத் திருத்தாதீர்கள். என் பிழைகளும் இருந்துவிட்டுப் போகட்டும். முன்னால் வருகிற நாயை மட்டும் தயவுசெய்து வெளியே விரட்டிவிடாதீர்கள்.