ஏழாம் பெட்டின் இலை

1. லென்ஸில் ஆவி

அத்திபெலே பக்கத்தில் ஒரு ரோஜா ஏற்றுமதிக் கம்பெனி இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே போட்டோகிராபராகச் சேர்ந்தேன். அதற்கு முன்பு ஆறு வருடம் கல்யாணங்களில் படம் எடுத்தவன். பூ கண்ணை மூடாது, நடுவில் எழுந்து போகாது, அதனால் வேலை சுலபம் என்று நம்பிக்கொண்டு போனேன்.

முதல் நாள், ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூரைக் கூடமான பாலிஹவுஸுக்குள் நுழைந்ததுமே லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைத்தேன். மறுபடியும் படிந்தது. செடிகளுக்கு நடுவில் குந்தியபடி ஒரு பெண் பூதக்கண்ணாடியால் இலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"துடைக்காதீங்க சார். கேமராவ அரை மணி நேரம் உள்ளேயே வெச்சிருங்க. உள்ள இருக்கிற சூட்டுக்கு அது பழகிடுச்சுன்னா ஆவி நின்னுடும்," என்றார்.

அவர் மெர்சி. பூச்சி, நோய் எல்லாம் பார்க்கும் வேலை. பிரேசர் டவுன்காரர். என் வயதுதான். அரை மணி நேரம் இரண்டு பேரும் சும்மா நின்றோம். "கல்யாணத்துல சாப்பாடு நல்லா இருக்கும், அத விட்டுட்டா இங்க வந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்.

2. பெல்லோஸ்

மேக்ரோ என்கிற இந்தக் கிட்டத்துப் பட வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒன்றை மாட்டுவோம். அதுதான் பெல்லோஸ். அதை நீட்ட நீட்ட இலை பெரிதாகும், வெளிச்சம் குறையும், ஃபோகஸில் நிற்கிற ஆழம் ஒரு அரிசியின் கனத்துக்கும் கீழே போய்விடும். நம் மூச்சுக்காற்று பட்டால்கூட இலை ஃபோகஸை விட்டு நகர்ந்துவிடும்.

அதனால் எக்ஸாஸ்ட் விசிறிகளை நிறுத்தச் சொல்வோம். நான் வியூஃபைண்டரில் கண்ணை வைப்பேன். மெர்சி தெர்மோகோல் பலகையை இலைக்குக் கீழே சாய்த்து வெளிச்சத்தைத் திருப்புவார். "ரெடியா?" என்பேன். "ம்" என்பார். இரண்டு பேரும் மூச்சை நிறுத்துவோம். கேமராவைத் தொடாமல் படமெடுக்க உதவும் கேபிள் ரிலீஸை அழுத்தியதும் ஒன்றாக மூச்சு விடுவோம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இது நடக்கும்.

சாயங்காலம் கம்பெனி வேனில் திரும்புவோம். ஆஸ்டின் டவுனில் நான் முதலில் இறங்க வேண்டும். இறங்கி, வேன் திருப்பத்தில் மறையும்வரை நிற்பேன். சொல்ல நினைத்த ஒன்றை மறுநாள் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போவேன். இரண்டு வருடம் இப்படியே போனது. அவர் தேவாலயத்துக்குப் போகிறவர், நான் ஆம்பூரில் முருகனைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை. அந்தக் காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

3. ஏழாம் பெட்

வெளிநாட்டு வியாபாரி ஒருவர் புதிதாகச் சரக்கு எடுக்க வந்தார். முதல் லோடு போகும் முன்பு, செடிகளில் பூச்சி இல்லை என்று இலைகளின் க்ளோசப் படங்களும் மெர்சி கையெழுத்திட்ட ரிப்போர்ட்டும் வேண்டும் என்றார்.

அந்த வாரம் மெர்சி காய்ச்சலில் லீவு. நான் தனியாகப் போய் எடுத்தேன். ஏழாம் பெட்டில், அதாவது ஏழாவது பாத்தியில், ஒரு இலையைத் திருப்பி ஃபோகஸ் செய்தபோது, அடிப்பக்கத்தில் மெல்லிய நூலாம்படை தெரிந்தது. அதற்குள் சிவப்புப் புள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. செம்பேன். மெர்சியோடு சேர்ந்து அதைப் பல முறை எடுத்திருக்கிறேன். சந்தேகமே இல்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், கெட்ட மனிதர் இல்லை.

"சேகர், இந்த லோடு போகலன்னா மேல இருக்கிறவங்க நம்ம யூனிட்டையே மூடிடுவாங்க. மருந்து அடிச்சா நாலு நாள்ல போயிடும்பா. நீ ஸ்வல்ப நல்ல இலையா பாத்து எடு, சாகு, அது போதும்."

"மெர்சி மேடம் கேட்டா என்ன சார் சொல்றது?"

"ஏழாம் பெட்டுன்னு சொல்லு. இலைதானே? யாருக்குத் தெரியும்?"

மூன்றாவது பாலிஹவுஸில் போய்ச் சுத்தமான இலையாகப் பார்த்து எடுத்தேன். ஸ்லைடுகள் கழுவி வந்ததும் அவற்றின் சட்டத்தில் 'பெட் 7' என்று என் கையாலேயே எழுதினேன்.

மெர்சி காய்ச்சல் விட்டுத் திரும்பி வந்த அன்றே ரிப்போர்ட் கேட்டார்கள். லைட் பாக்ஸில் ஸ்லைடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். முகம் இன்னும் வாடித்தான் இருந்தது.

"இது நீங்க எடுத்ததுதானே சேகர்?"

"ஆமாங்க."

"ஏழாம் பெட்டு?"

"ஆமா."

"அப்ப சரி. நீங்க எடுத்திருந்தா நான் தனியா போய்ப் பாக்க வேணாம்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் லோடு போனது. இறங்கிய இடத்தில் பெட்டியைத் திறந்ததும் செம்பேனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முழுச் சரக்கையும் அங்கேயே எரித்தார்கள். ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. விசாரணைக்கு எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெர்சி, "நான்தான் கையெழுத்து போட்டேன், தப்பு என்னோடது," என்று மட்டும் சொன்னார். அன்று மதியமே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். வேனுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் ஒரு இலைக்கு முன்னால் ட்ரைபாடை வைத்து, பழக்கத்தில் "ரெடியா?" என்று கேட்டுவிட்டேன். பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த வருடத்தோடு நானும் வேலையை விட்டேன்.

அவர் வீடு எனக்குத் தெரியும். மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு முனைவரை போய்த் திரும்பினேன். நான்காவது வாரம் போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

4. கேள்வி

ஆறு வருடம் கழித்து, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தேன். ஒரு காலை கதவைத் திறந்துகொண்டு மெர்சி வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார், கண்ணாடி அணிந்திருந்தார். கோயம்புத்தூரில் குடும்பம், ஒரு மகள். விவசாயிகளுக்காக இலை நோய்கள் பற்றி ஒரு கையேடு எழுதுகிறாராம். அதற்குப் படம் வேண்டும்.

"மேக்ரோ எடுக்க வேற யாரையும் எனக்குத் தெரியாது," என்றார்.

டீ வரவழைத்தேன். அது ஆறும்வரை இரண்டு பேரும் கையேட்டைப் பற்றியே பேசினோம். பிறகு நான் சொன்னேன்:

"மெர்சி, அந்த ஸ்லைடு ஏழாம் பெட்டு இல்ல."

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சுது? விசாரணையிலயா?"

"இல்ல. கையெழுத்து போட்ட அன்னிக்கு சாயங்காலமே. மனசு கேக்காம இன்னொரு தடவ எடுத்துப் பாத்தேன். இலையோட ஓரத்துப் பல்லு வேற மாதிரி இருந்துச்சு. அது வேற வெரைட்டி சேகர். அவ்ளோ ஷார்ப்பா எடுத்திருந்தீங்க, பல்லக்கூட எண்ணலாம்."

"அப்பவே ரிப்போர்ட்ட திரும்ப வாங்கியிருக்கலாமே?"

"வாங்கியிருந்தா ஏன்னு கேப்பாங்க. உங்க பேரச் சொல்லணும். நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். லோடு போறதுக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. ரெண்டு நாளும் வேன்ல உங்க பக்கத்து சீட்லதான் உக்காந்தேன்."

எனக்கு அந்த இரண்டு பயணமும் நினைவுக்கு வந்தன. இரண்டு நாளும் நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

"அது என்னோட தப்பும்தான். பயிர் விஷயத்துல ஆளப் பாத்து சும்மா இருந்திருக்கக் கூடாது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய இலைகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். மதியம்வரை இருந்து, எந்த இலையில் எதைக் காட்ட வேண்டும் என்று விளக்கிவிட்டு, கோயம்புத்தூர் ரயிலுக்குக் கிளம்பினார்.

அந்தக் கையேட்டுக்கு முப்பத்திரண்டு படங்கள் எடுத்துக் கொடுத்தேன். என் வேலையிலேயே அவைதான் நல்ல படங்கள். தபாலில் அனுப்பினேன். நன்றி சொல்லி ஒரு கார்டு வந்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் லென்ஸ் பற்றி, லைட்டிங் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அதையெல்லாம் சொல்லித் தருகிறேன். கூடவே இதையும் சொல்கிறேன்: படத்தில் எழுதும் விவரம் தப்பாகிவிட்டால், வேண்டுமென்றே தப்பாக எழுதியிருந்தாலும்கூட, அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். நேரம் போய்விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அதற்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.