மங்குஸ்தான் கன்றுக்கு அப்பா இல்லை

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது என் அப்பா மலேசியாவில் ஒரு பழத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். நானும் அம்மாவும் ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில் இருந்தோம். ஏன் இப்படிப் பிரிந்து இருக்கிறோம் என்று கேட்டால் அம்மா "பேப்பர் வேலை முடியேல்லை" என்பார். அப்பா என்றால் எனக்கு வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அம்மாவின் போனில் தெரிகிற ஒரு முகம்தான். அங்கே அப்போது சனிக்கிழமை விடிந்திருக்கும். எப்போதும் எங்களுக்கு ஒரு நாள் முன்னால் இருந்த மனிதர், ஆனாலும் வந்து சேரத்தான் வருடக்கணக்காகிக்கொண்டிருந்தது.

போனைத் திருப்பி அவர் எனக்கு மரங்களைக் காட்டுவார். மங்குஸ்தான் மரம் கோபுரம்போலக் கூம்பி நிற்கும். இலை தடிப்பாக, கரும்பச்சையாக மினுங்கும். பட்டையை நகத்தால் கீறுவார். மஞ்சள் பால் கசியும்.

அந்தக் குளிர்காலம் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு விதை ஊன்றி, அது வளர்வதைக் கொப்பியில் எழுதச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் அவரை விதையும் சூரியகாந்தி விதையும் எடுத்தார்கள். எனக்கு மங்குஸ்தான்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அம்மா சீனக் கடையில் தேடி நாலு பழம் வாங்கிவந்தார்.

"வெட்டாதை. கவிட்டுப் பிடி," என்றார் அப்பா போனில். "அடியில பூ மாதிரி ஒண்டு இருக்கு. எத்தினை இதழ்?"

"ஆறு."

"அப்ப உள்ளுக்கு ஆறு சுளை."

அம்மா ஊதாத் தோலைச் சுற்றிவர வெட்டித் திறந்தார். வெள்ளையாய் ஆறு சுளை. மற்ற மூன்றிலும் எண்ணிப் பார்த்தோம். ஒன்றிலும் கணக்குப் பிழைக்கவில்லை. அப்பா ஒரு மந்திரவாதி என்று முடிவு செய்துகொண்டேன்.

பெரிய சுளைக்குள் விதை இருந்தது. "காய விட்டாச் செத்துப்போகும், இப்பவே ஊண்டு," என்றார். தயிர் டப்பாவில் ஊன்றி, பிளாஸ்டிக் பையால் மூடி, ஜன்னலடி ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை, செம்மையான முளையொன்று மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றது. அந்த வெள்ளிக்கிழமை, "அப்பா, இது ஆம்பிளைக் கன்றா, பொம்பிளைக் கன்றா?" என்று கேட்டேன்.

"உதில ஆண் மரம் எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை. மகரந்தமும் தேவையில்லை. தாய் மரம் தனியத்தான் விதையை உண்டாக்கும்."

அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. அப்பா கனடா வருவதற்கான விண்ணப்பத்துக்கு இன்னும் பத்திரங்கள் வேண்டுமாம். "தகப்பன் இல்லாமல் இந்தப் பிள்ளை எப்பிடி வளரப்போகுதோ," என்று அம்மா யாரிடமோ போனில் சொல்லி அழுதது எனக்குக் கேட்டது. அம்மாவைத் தேற்ற என்னிடம் ஒரு நல்ல வழி இருந்தது.

பெற்றோரை வகுப்புக்கு அழைத்த நாளில் அம்மா ஃபக்டரியில் அரைநாள் லீவு எடுத்து வந்திருந்தார். நான் டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னேன்: "என் கன்றுக்கு அப்பா இல்லை. அதற்கு அப்பா தேவையும் இல்லை. அம்மா மட்டும் போதும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். ரீச்சர் தட்டவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது என் கையை விடவேயில்லை. பெருமையாக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவிடமும் அதை அப்படியே சொல்லிக் காட்டினேன். அவர் முகம் அசையவில்லை. லைன் நின்றுவிட்டது என்று "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

"நிக்கிறன் பிள்ளை," என்றார். "நீ சொன்னது சரிதான். ஆனா சின்னக் கன்றுக்கு முதல் நாலைஞ்சு வருஷம் நிழல் வேணும். தனிய வெய்யில்ல நிண்டா இலை கருகிப்போகும். இஞ்ச நாங்கள் பெரிய மரங்களுக்குக் கீழதான் வைக்கிறது."

நான் ஓடிப்போய் ஜன்னல் சீலையை இழுத்து மூடினேன். "மூடிட்டன் அப்பா!"

"கெட்டிக்காரி," என்றார். அம்மா போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அடுத்த வருடம் வைகாசியில் அப்பா வந்தார். விமானநிலையத்தில் பார்த்தபோது போனில் இருந்ததைவிடக் கட்டையாக இருந்தார். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பையைத் தோளில் இருந்து இறக்காமல் வாசலிலேயே நின்றார். இருந்தது ஒரே அறை. அதில் நானும் அம்மாவும் படுப்பது. அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளை, நான் எங்க இருக்கிறது?"

யோசித்துவிட்டு சோபாவைக் காட்டினேன். "இதில இருங்கோ. எத்தினை நாளைக்கு நிப்பீங்கள்?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா சோபாவின் நுனியில் விருந்தாளிபோல் உட்கார்ந்து, "நீ போகச் சொல்லுமட்டும்," என்றார்.

அது நல்ல பதிலாகப் பட்டது. பக்கத்தில் போய் ஏறி இருந்துகொண்டு, நான் யாருக்கும் கொடுக்காத ரீவி ரிமோட்டை அவரிடம் நீட்டினேன். இரண்டு கைகளாலும் வாங்கினார். வெறும் ரிமோட்டுக்குப் போய் ஒரு பெரிய ஆள் ஏன் அப்படி அழுகிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.