தாழம்பூவின் பக்கம்

தாழம்பூவை ஏன் சிவன் கோயிலுக்குள் விடமாட்டார்கள் என்று எங்கள் திருவண்ணாமலையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நெருப்புத் தூணாக நின்று மலையான சாமியின் முடியைத் தேடிப் பறந்த பிரம்மா, பாதி வழியில் களைத்துப்போய், பார்த்துவிட்டேன் என்று புளுகினார். அதற்குச் சாட்சி சொன்னது தாழம்பூ. அந்தக் கதையில் நான் யார் பக்கம் என்பது பத்து வயதிலேயே முடிவாகிவிட்டது. இன்றுவரை மாறவில்லை.

மகன் பத்தாம் வகுப்பில் தேறினால் மலை உச்சிவரை ஏறிக் கும்பிடுவான் என்று பெரியப்பா வேண்டிக்கொண்டிருந்தார். அண்ணன் தேறிவிட்டான். ஏறி வந்தால் சைக்கிள். அவன் ஏமாற்றாமல் இருக்க என்னையும் அவனோடு அனுப்பினார். பாதி மலையில் ஒரு பாறையில் உட்கார்ந்த அண்ணன் அப்புறம் அசையவே இல்லை. முறுக்கைத் தின்றான், தூங்கினான், வெயில் தாழ்ந்ததும் இறங்கலாம் என்றான். "மேல போனோம்னு சொல்லிடு. சைக்கிள்ல உன்னத்தான் மொதல்ல ஏத்துவேன்."

சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். "மேல இன்னா பாத்த?" என்று பெரியப்பா கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சின்னதா ஒரு கோபுரம், பக்கத்துல உண்டியல்" என்றேன். உச்சியில் தீப நெய் ஊறிக் கறுத்த பாறைதான் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணனுக்குத் திட்டு விழுந்தது. அடுத்த வாரம் பெரியப்பாவே கூட்டிப்போய் ஏற்றினார், சைக்கிளும் வந்தது. என்னை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் வீட்டுப் பூக்கூடையைக் கோயிலுக்குத் தூக்கிப்போவது நான்தான். எங்கள் கூட்டுக் குடும்பத்தில் எனக்கிருந்த ஒரே பதவி அது. அன்று கூடையில் கை வைத்ததும் பெரியப்பா தடுத்தார். "பொய்ச்சாட்சி சொன்னவ இனிமே இதத் தொடக் கூடாது. தாழம்பூவுக்கு இன்னா ஆச்சுன்னு தெரியும்ல?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பிரம்மாவுக்கு நம்ம கோயில்லயே பிரம்ம தீர்த்தம்னு அவர் பேர்ல கொளம் இருக்குது. அண்ணனுக்கு சைக்கிள் இருக்குது. பூவுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டேன். பெரியப்பா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை. "மலைதான் சாமி, சாமிக்கு முடியே கெடையாதுன்னா, போன வாரம் அண்ணன் எந்த உச்சிக்குப் போய்ட்டு வந்தான்? அது மட்டும் நெஜமா? எல்லாமே சாமின்னா தாழம்பூ யாரு?"

"உனக்கு வாய் ஜாஸ்தி. சாமிகிட்டப் போய் கணக்குப் பாக்காத" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. மலைக்கு முடிவில்லை, அதன் உச்சியில் தீபமும் ஏற்றுகிறோம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் நம்பிக் கும்பிடுகிற ஊர் அது. நானும் நம்பினேன். மற்ற எதுவும் கணக்கில் அடங்காதபோது பூவின் தண்டனை மட்டும் எப்படிக் கறாராக நடக்கிறது என்பதுதான் என் சண்டை.

அடுத்த பிரதோஷத்தன்று பூக்காரம்மாவிடம் கெஞ்சி ஒரு தாழை மடல் வாங்கினேன். கூடை இப்போது அம்மாவிடம். அவள் பார்க்காத நேரம் வில்வத்துக்கு அடியில் மடலைச் செருகிவிட்டேன். கோபுரவாசலைத் தாண்டும்போதே வாசனை காட்டிக்கொடுத்தது. அம்மா நின்றாள். மடலை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முதுகில் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மடலை மடித்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டிருந்தாள். "நட" என்றாள்.

சன்னதியில் பெரியப்பா மூக்கை விடைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தார். அம்மாவின் தலையைக் கண்டதும் அவர் முகம் கடுத்தது. குருக்களும் பார்த்தார். கூடையில் வந்திருந்தால் தூக்கி எறிந்திருப்பார்கள். ஒரு பெண்ணின் தலையிலிருக்கும் பூவை யார் பிடுங்குவது? அம்மா சாமிக்கு நேரே நின்று, வழக்கத்தைவிட நிதானமாகக் கும்பிட்டாள்.

எனக்கு அழுகை முட்டியது. சாமிக்கென்று நான் கொண்டுவந்த பூவைத் தானே வைத்துக்கொண்டு அழகு பார்க்கிறாளே என்று, இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.